பரணிலிருந்து குதித்த ஞாயிற்றுக்கிழமைகள்

வெறுங்காலின் கட்டைவிரல் பலகையின் விளிம்பைத் தாண்டி, அதற்கப்பால் ஒன்றுமில்லாத வெறும் காற்றைத் தொடும்போது உண்டாகும் கூச்சம், எழுபது வருஷத்துக்கு மேலாகியும் என் உள்ளங்காலை விட்டுப் போகவில்லை. ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டின் பரண் பலகை அது. துறைமுகத்தில் உடைந்துபோன ஏதோ ஒரு சரக்குப் பெட்டியின் மரத்தை நைனா தோளில் சுமந்துவந்து அடித்தது. அதில் டீத்தூள் வாடையும் விறகுத் தூசியும் கலந்து வீசும். இன்றும் எங்காவது அந்த வாடை வந்தால், கால்விரலை உள்ளே இழுத்துக்கொள்வேன்.

சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு எட்டு வயது, அண்ணன் சாமுவேலுக்குப் பத்து. நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. இரும்பு ஏணி வழியாகக் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, அங்கே அடுக்கியிருக்கும் மூட்டைகளைக் கயிற்று வலையில் ஏற்றிவிட வேண்டும். மேலே இருக்கும் 'வின்ச்சு' இயந்திரம் அதைத் தூக்கிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே மனிதர் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, எங்களை ஜெபவீட்டுக்கு நடத்திக்கொண்டு போவார்.

அப்படி ஒரு ஞாயிறு அன்று வெளியூரிலிருந்து வந்த உபதேசியார் ஒருவர், கீழே நிற்கும் தகப்பனை நம்பி மேலேயிருந்து குதிக்கும் பிள்ளையைப் போல நாம் ஆண்டவரை நம்ப வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். கேட்டவர்கள் எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டார்கள். எங்கள் நைனா மட்டும் வீட்டுக்கு வந்து பரணிலிருந்த விறகை ஒதுக்கினார். அவர் எதையும் பாதியில் விடுகிறவர் அல்ல.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல், சாப்பாடு முடிந்து அம்மா பாத்திரத்தை ஒதுக்கியதும், தரையில் ஜமுக்காளம் விரியும், மூங்கில் ஏணி சுவரில் சாயும், நாங்கள் ஒவ்வொருவராகப் பரணில் ஏறுவோம். நைனா கீழே நின்று இரண்டு கையையும் நீட்டுவார். "கண்ண மூடிக்கினு குதி. கீழ நான் கீறேன்ல?" என்பார். கண்ணைத் திறந்து குதிப்பது அவரிடம் செல்லாது. "பாத்துகினு குதிச்சா அது நம்பிக்கை இல்லம்மா, கணக்கு" என்பார். பிடித்து இறக்கிவிட்ட பிறகு எங்கள் தலையில் கைவைத்து, நைனாவை நம்பினாற்போல ஆண்டவரையும் நம்ப வேண்டும் என்று ஒரு சின்ன ஜெபம் செய்வார்.

அண்ணன் பொத்தென்று மூட்டை விழுவதுபோல் விழுவான், விழுந்ததும் சிரிப்பான். நான் பயந்தாங்கொள்ளி. சனிக்கிழமை சாயங்காலமே எனக்கு வயிற்றுவலி வந்துவிடும். பரணில் நின்று கண்ணை மூடினால் கீழே தரையே இல்லை என்று தோன்றும். அதனால் இமையை முக்கால்வாசி மூடி, கால்வாசி வழியாக நைனாவின் கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குதிப்பேன். ஒரு தடவைகூட முழுக்கக் கண்ணை மூடியதில்லை. அது நைனாவுக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியுமே என்ற பயம் வேறு தனியாக இருந்தது.

எனக்கிருந்த ஒரே ஆறுதல் காதர் மாமா. நைனாவோடு ஒரே கூட்டத்தில் வேலை செய்தவர், தண்டையார்ப்பேட்டைக்காரர். ஞாயிறு மதியம் ஒரு பொட்டலம் வேர்க்கடலையோடு எங்கள் வீட்டுக்கு வருவார். நான் பரணில் நடுங்குவதைப் பார்த்து அவரும் நைனாவின் பக்கத்தில் வந்து நின்று கையை நீட்டுவார். "ஆண்டவன நம்பு பாப்பா. மாமா சும்மா ஒத்தாசைக்கு நிக்கிறேன்" என்பார். நைனா முறைப்பார், அம்மா முந்தானைக்குள் சிரிப்பாள். கீழே நான்கு கைகள் தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

ஆனாலும் பயம் போகவில்லை. ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை, யாருக்கும் தெரியாமல் தண்ணீர்த் தொட்டி ஓரமாக முழங்கால் போட்டு, ஆண்டவரே, நைனா இனிமேல் என்னைக் குதிக்கச் சொல்லக் கூடாது, எப்படியாவது இதை நிறுத்திவிடும் என்று கேட்டேன். 'எப்படியாவது' என்ற அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாளும் வழக்கம்போல் குதிக்க வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நைனாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கப்பலுக்குள் மேலே போய்க்கொண்டிருந்த வலையின் கயிறு அறுந்து மூட்டைகள் விழுந்ததில், நைனாவின் வலது தோள் இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற காதர் மாமா எழுந்திருக்கவே இல்லை. அம்மா அவர் வீட்டுக்கு அழுதுகொண்டே ஓடினாள். நான் அழவில்லை; தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் பயந்து சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். நான் கேட்டதை ஆண்டவர் செய்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அடுத்த ஞாயிறு குதிப்பு இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இப்படி ஐந்து வாரம். கட்டு அவிழ்த்த பிறகும் நைனாவின் வலது கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. வைத்தியர் வேலைக்குப் போகலாம், போகப்போகச் சரியாகும் என்று சொல்லிவிட்டார். நைனா தினமும் விடியற்காலையில் மூட்டைக் கொக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு போவார்; ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து சுவரைப் பார்த்து உட்காருவார். அம்மா கேட்டபோது, "ஹார்பர் கேட்டாண்ட வரைக்கும் போறேன். அந்த ஏணிய நெனச்சா காலு நவுர மாட்டேங்குது" என்றார். எங்கள் நைனாவின் குரல் அப்படி ஒடுங்கி நான் கேட்டதே இல்லை.

ஆறாவது ஞாயிறு, ஜெபவீட்டுக்கும் போகாமல் எல்லாரும் வீட்டிலேயே இருந்தோம். கஞ்சியை ஊற்றிக்கொண்டே அம்மா சொன்னாள்: "நாளைக்கும் போவலன்னா பேர அடிச்சிடுவாராம் மேஸ்திரி. வூட்ல இத்தோட அரிசி காலி." நான் கஞ்சியைத் தள்ளிவைத்தேன். நான் நிறுத்தச் சொன்னதால்தான் எல்லாம் நின்றது. நான்தான் திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்று என் எட்டு வயது புத்திக்குப் பட்டது. எழுந்துபோய் ஏணியைச் சுவரில் சாய்த்து, பரணில் ஏறி நின்றேன்.

"நைனா, கீழ வந்து நில்லு. நான் குதிக்கிறேன்."

நைனா தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் அன்று நான் பார்த்தது என்னுடைய சனிக்கிழமைப் பயத்தை. "வாணாம்மா, எறங்கிடு. கை சரியா இல்ல" என்றார். அம்மா அதட்டினாள். அண்ணன் ஜமுக்காளத்தைத் தேடி ஓடினான். நான் ஆண்டவரிடம், குதித்துவிடுகிறேன், அதோடு விட்டுவிடும் என்று சொல்லிவிட்டு, முதன்முதலாகக் கண்ணை முழுக்க மூடினேன். கீழே நான்கு கைகள் இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு நல்ல கைதான், அதுவும் வருமா என்று தெரியவில்லை. குதித்தேன்.

ஏதோ ஒன்று என் இடுப்பைச் சுற்றி வளைத்தது. இரண்டு பேரும் தரையில் விழுந்தோம். என் கழுத்துக் காறையெலும்பு மளுக்கென்றது எனக்கே கேட்டது. வலியில் கத்தினேன், ஆனால் நைனா என்னை விடவில்லை. இடது கையால் என்னை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, "புட்ச்சேன்ல? புட்ச்சேன்லம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நான் ஆமாம் என்று சொன்ன பிறகும் கேட்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் காலையில் அவர் போனார், ஒரு மணி நேரத்தில் திரும்பி வரவில்லை. மாலை ஆறு மணிக்கு, சட்டையெல்லாம் அரிசித் தவிடு அப்பிக்கொண்டு, களைத்துப்போய் வந்தார். ஏணியில் இறங்கினேன் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் எங்களில் யாரையும் பரணிலிருந்து குதிக்கச் சொன்னதில்லை. அம்மா அந்தப் பலகையில் மறுபடியும் விறகை அடுக்கிவிட்டாள்.

அந்த வீடு இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் நான்கு மாடி நிற்கிறது. துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஏணி இறங்குகிறவர்களும் இல்லை, சரக்கு பெட்டி பெட்டியாக லாரியில் போகிறது. நைனா எண்பது வயது வரை இருந்தார். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நான் கேட்டதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. காதர் மாமாவின் பிள்ளைகளை வழியில் பார்த்தால் சிறுமியாக இருந்தபோது சந்துக்குள் ஒளிந்துகொள்வேன். குழந்தை கேட்டதற்காக ஆண்டவர் ஒரு மனிதனைக் கொல்ல மாட்டார் என்று எனக்குப் புத்தி சொல்கிறது. நானே மற்றவர்களுக்கு அப்படித்தான் சொல்வேன்.

காறையெலும்பு கோணலாகச் சேர்ந்த இடத்தில் ஒரு முண்டு இருக்கிறது, மழைக்காலத்தில் வலிக்கும். இப்போது முழங்காலும் சேர்ந்துகொண்டது. வலி நிற்கட்டும் என்று ஜெபம் செய்யுங்களேன் அம்மா என்கிறாள் என் மகள். ராத்திரி கண்ணை முழுக்க மூடிக்கொண்டுதான் ஜெபிக்கிறேன், பெலன் கொடும் என்று கேட்கிறேன். எதையும் நிறுத்திவிடும் என்று மட்டும் அவரிடம் நான் கேட்பதில்லை.