படுதாவில் ஒட்டிய பொருக்கு

கத்தரி என்று சொன்னால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். இருபது வருடமாகப் பட்டி பட்டியாகப் போய்ச் செம்மறி ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கிறாள். ஆட்டை மல்லாத்தி, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, வயிற்றில் தொடங்கி முதுகில் முடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் போதும். தோலில் ஒரு கீறல் விழாது. "ஆட்டுக்குக் காயம் படாது, ஆளுக்குத்தான் படும்" என்று அவள் வாயைப் பற்றிப் பட்டிக்காரர்கள் சொல்வார்கள். "பட்டவங்க பட்டியல்ல நீங்க எத்தனாவது?" என்று அவளும் திருப்பிக் கேட்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் இருந்தது அக்காள் புருஷனின் பட்டியில். மூன்று வாரத்துக்கு முன்னால் பாதி மந்தையை முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. மீதியை முடிக்க இப்போது வந்திருந்தாள். மூன்றாவது ஆட்டின் தொடை இடுக்கில் அவள் கையிலிருந்த கத்தரி நின்றது. கொண்டைக்கடலை அளவில் கெட்டியான முடிச்சுகள். சிலவற்றின் மேல் கறுத்த பொருக்கு. வாலைத் தூக்கினாள், அங்கேயும் இருந்தன. மூக்கில் சளி, கண்ணில் பீளை. காது அனலாகச் சுட்டது.

"மாமா, இங்க வந்து பாருங்க. இது அம்மை."

மாமா குனிந்தும் குனியாமலும் பார்த்தார். "முள்ளு குத்தியிருக்கும். நீ வேலையைப் பாரும்மா. வெள்ளிக்கிழமை சந்தைக்கு ஏத்தணும்."

"தொடை இடுக்குல ஒண்ணு, வாலுக்கடியில ஒண்ணு. உங்க ஊட்டு முள்ளு இடம் பார்த்துக் குத்துது போல."

கத்தரியை உறையில் செருகிவிட்டு நேராகக் கால்நடை மருந்தகத்துக்கு நடந்தாள்.

மத்தியானமே டாக்டர் வந்தாள். சின்ன வயதுப் பெண். முழங்கால் சேற்றில் பதிய உட்கார்ந்து ஏழு ஆடுகளைத் தொட்டுப் பார்த்தாள். ஆட்டம்மைதான், சந்தேகமே இல்லை என்றாள். பிறகு, "இந்த ஒரு மாசத்துல வேற எங்கெல்லாம் கத்தரிச்சீங்கக்கா?" என்று கேட்டாள்.

விரல் விட்டுச் சொன்னாள் கத்தரி. முதலில் மீசைக்காரர் பட்டி, அடுத்து இந்தப் பட்டி, அப்புறம் ஐந்து பட்டிகள். சொல்லிக்கொண்டு வரும்போதே குரல் இறங்கியது. மீசைக்காரர் பட்டியில் அப்போது நாலு குட்டிகள் செத்திருந்தன. குளிர் தாங்கவில்லை என்று அவர் சொன்னார், அவளும் தலையாட்டினாள்.

"கத்தரியில வந்திருக்காது டாக்டர். பட்டிக்குப் பட்டி கொதிக்கிற தண்ணியில போட்டுத்தான் எடுப்பேன்."

டாக்டர் தரையைக் காட்டினாள். "இதை?"

ரோமம் மண்ணில் விழாமல் இருக்க விரிக்கிற படுதா அது. வேலை முடிந்தால் ரெண்டு உதறு, நாலு மடிப்பு, தோளில் போட்டு அடுத்த பட்டி. இருபது வருடமாக அப்படித்தான். டாக்டர் ஒரு தையல் மடிப்பைப் பிரித்தாள். உள்ளே பழைய ரோமச் சுருள், அதில் ஒட்டிய பொருக்குத் துகள்கள். அந்தப் பொருக்கில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்றாள். இந்தப் பட்டியிலிருந்து ஒரு ஆடும் வெளியே போகக்கூடாது, நோய் தெரியாத மந்தைகளுக்கு உடனே தடுப்பூசி போட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மாமா கத்தரியை ஓரமாக இழுத்தார். "படுதா விஷயம் நம்மளோட இருக்கட்டும். வெளியில சொன்னா உன்னை எந்தப் பட்டியில சேர்ப்பான்?"

அவர் சொன்னது நிஜம். ஆனால் அந்த ஐந்து பட்டிகளிலும் ஆடுகள் வெளிப்பார்வைக்கு நன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. நல்ல ஆட்டுக்கு எதற்கு ஊசி என்று டாக்டரைத் திருப்பி அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை அத்தனையும் சந்தையில் ஒன்றாக நிற்கும்.

புதன்கிழமை காலை, மந்தைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டிக்குக் கத்தரி முன்னாடியே போனாள். பட்டிக்காரர்கள் வந்து சேர்ந்ததும் மந்தைகளைத் தள்ளி நிறுத்தச் சொன்னாள். படுதாவைத் தரையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள்.

"என்ன கூத்து இது?"

"கூத்து இல்லை. அம்மை இதுலதான் வந்திருக்கு. நான்தான் சுமந்துட்டு வந்தேன். உங்க பட்டிக்கும் வந்தேன், உங்க பட்டிக்கும் வந்தேன். டாக்டர் வந்தா கதவைத் திறங்க."

மீசைக்காரர் துள்ளிக்கொண்டு வந்தார். "அப்போ என் குட்டிகளைக் கொன்னது நீதானா?"

"உங்க குட்டி நான் வர்றதுக்கு முன்னாடியே செத்துச்சு அண்ணே. குளிர்னு நீங்க சொன்னீங்க, நான் கேட்டுக்கிட்டேன். ரெண்டு பேரும் தப்புப் பண்ணியிருக்கோம். என் தப்பை நான் சொல்லிட்டேன். நீங்க எப்போ சொல்றீங்க?"

மீசைக்காரர் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். கூட்டத்தில் ஒருத்தி அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். திட்டி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டு, "சரி, ஊசிக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்லட்டும்?" என்றாள் கத்தரி. அன்று சாயங்காலத்துக்குள் நாலு பட்டி திறந்தது. ஐந்தாவது வியாழக்கிழமை திறந்தது.

டாக்டர் சொன்னதைக் கேட்காமல் நின்றவர் மாமாதான். வெள்ளிக்கிழமை விடிந்து அவள் போனபோது பட்டி வாசலில் லாரி நின்றது. முடிச்சு தெரியாத ஆடுகளாகப் பொறுக்கி ஒதுக்கியிருந்தார். கத்தரி லாரியின் ஏற்றுப்பலகையில் ஏறி, சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரி. சொந்தத் தங்கச்சி மாதிரி வச்சிருந்தேனே, இப்படி மானத்தை வாங்குறியே!"

"மானம் போனது என்னோடது மாமா. உங்களோடது பத்திரமா இருக்கு, ஆட்டை உள்ளே விடுங்க." டிரைவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இது அம்மைப் பட்டி. ஏத்தினா உங்க வண்டியும் என் படுதா மாதிரிதான். அடுத்த லோடு யார் ஆடு?"

டிரைவர் பீடியை வாயிலிருந்து எடுத்தான். "என் மச்சானோடது" என்றான். அவள் இறங்கியதும் பலகையைத் தூக்கி மாட்டினான்.

வண்டி போன புழுதியில் மாமா நின்றார். "இனிமே இந்த வாசல்ல கால் வைக்காதே!"

"நாற்பத்தஞ்சு நாளைக்கு வைக்க மாட்டேன். டாக்டரும் அதான் சொன்னாங்க," என்றாள் கத்தரி. "நாற்பத்தாறாவது நாள் புதுப் படுதாவோட வருவேன். இன்னும் பாதி மந்தை பாக்கி இருக்கு."