ஜீப்பில் ஏறிய ஐந்தாவது ஆள்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆலங்காயத்தில் மாவு மில் வைத்தேன், புளி மண்டி கட்டினேன், பஸ் ஏறத் தயங்கிய மலைப்பாதையில் ஜீப் ஓட்டினேன். நடக்காது என்று சிரித்தவர்களில் பாதிப் பேர் பிற்பாடு என்னிடமே வேலைக்கு வந்தார்கள். அந்த ஜீப்பைத் தேடித்தான் டாக்டரம்மா வந்தார்.

குழந்தைகள் வயிற்றைக் கெடுக்கும் கிருமிக்கு வாயில் ஊற்றுகிற புது மருந்து. அதைச் சோதித்துப் பார்க்கிறார்கள். பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று ஊற்றுகிற அவருக்கே தெரியாது. தாய்மார்களிடம் இதை ஒளிக்காமல் சொல்லித்தான் சம்மதம் வாங்கினார்.

இரண்டாம் தடவை ஊற்ற மலையூருக்குப் போன அன்று ஊரில் ஆளில்லை. வீடெல்லாம் திறந்து கிடந்தது. கோழி சத்தம்கூட இல்லை. எனக்கு விளங்கிவிட்டது. வாந்திபேதி கண்டால் அவர்கள் கதவைத் திறந்துபோட்டுவிட்டுக் காட்டோரம் போய்விடுவார்கள். நோயைக் கொண்டுவரும் தெய்வமான நோய்க்காரி வீடு வீடாகத் தேடி, யாரும் இல்லையென்று தானே கிளம்ப வேண்டும். நடுவில் உள்ளே போகிறவரோடு ஒட்டிக்கொள்வாள். கால் வைக்காதீர்கள் என்றேன். அப்போது கடைசி வீட்டில் ஒரு குழந்தை முனகியது. டாக்டரம்மா அந்த வீட்டுக்குள் ஓடினார்.

நோய் கண்ட பிள்ளையையும் தாயையும் மட்டும் விட்டுப் போயிருந்தார்கள். பிள்ளையின் கண் குழிந்துவிட்டது. டாக்டரம்மா உப்பு சர்க்கரைத் தண்ணீர் புகட்டும்போது தாய் கேட்டாள்:

“எம்புள்ளைக்கு ஊத்துனது மருந்தா, தண்ணியா?”

“எனக்கும் தெரியாதும்மா.”

“அப்ப யாருக்குத்தான் தெரியும்?”

டாக்டரம்மா அடுத்த கரண்டியைப் புகட்டினார். பிள்ளையைத் தூக்கி வந்து ஜீப்பில் ஏற்றினோம். வண்டியைக் கிளப்பும்போது தாய் பின்சீட்டில் ஒதுங்கி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

“அண்ணா, அவளும் ஏறிக்கினா. நடுவழில எறக்கி வுட்டுடாதீங்க. கீழ வரைக்கும் இட்டுக்கினு போயிடுங்க.”

“மருந்து வெச்ச ஐஸ் பெட்டிக்கே எடமில்ல, அவ எங்க உக்காருவா?” என்று டாக்டரம்மா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. காட்டோரம் நின்ற மொத்த ஊரும், ஜீப் கடக்கையில் முதுகைத் திருப்பிக்கொண்டது.

நான் ஓட்டாத இறக்கமா? அன்றைக்குப் பின்பக்கம் மூட்டை ஏற்றியதுபோல அழுத்தியது. கண்ணாடியை நான் பார்க்கவில்லை. பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தபின் தனியாக ஊருக்கு வெளியே ஓட்டிப்போய், பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “எறங்கு தாயி” என்றேன். வண்டி ஒரு விரற்கடை மேலெழும்பியது.

பிள்ளை பிழைத்தது. ஊர் திரும்பி வந்து மற்ற பிள்ளைகளை மருந்துக்கு நிறுத்தியது. ஜீப்காரர் அவளை இறக்கிவிட்டதால்தான் வந்தோம் என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

இப்போது அவர் வெளியூரில் பெரிய பதவியில் இருக்கிறார். அந்த மருந்துச் சோதனை பற்றி அவர் எழுதிய அறிக்கையை என் மகள் படித்துச் சொன்னாள். ஐஸ் பெட்டி கொடுத்தவர்களுக்குக்கூட நன்றி இருக்கிறது, என் பேர் இல்லை. மருந்து வேலை செய்ததா என்பதை நீங்கள் சொல்லுங்கள், டாக்டரம்மா. அவளை மலையிறக்கியவன் நான். அதையும் எழுதுங்கள்.