காப்புக் கயித்தைக் காட்டித் தப்பிச்சேன்

ஆத்தாளைக் கும்பிடற எல்லாத்துக்கும் வணக்கமுங்க. "பேரைப் போடாம எழுதுங்க, ஆனா ஒண்ணையும் மறைக்காதீங்க"ன்னு என் சம்சாரம் சொல்லிப்புட்டா. அவ சொன்னதாலதான் எழுதறேன்.

எங்கூரு திருச்செங்கோட்டுப் பக்கம். நான் ரிக்கு வண்டியில போர்க்கெணறு போடறவன். வருசத்துல பாதி நாள் வடக்க எங்கியோ காட்டுலதான் கெடப்போம். ஒரே குண்டாவுல சோறு, ஒரே பாய்ல படுக்கை. வலிக்குன்னு மாத்திரையைக் கரைச்சு ஊசியில ஏத்திக்கற பாழாப்போன பழக்கம் வந்தப்ப, ஊசியும் ஒண்ணாவே ஆயிப்போச்சு. எனக்குத் தனி ஊசி வேணும்னா, கூட இருக்கறவனைப் பிரிச்சுப் பாக்கற மாதிரி ஆயிருமேன்னு நெனச்சேன். புத்தி அப்படி!

மூணு வருசத்துக்கு முந்தி, மாசி மாசம், என் சம்சாரம் அழுது இழுத்துட்டுப் போயி சேலத்துல போதை மீட்பு மையத்துல சேத்தா. ஆத்தா கோயில்ல திருவிழாவுக்கு நோம்பி சாட்டுனதும் எனக்கும் ஒரு காப்புக் கயிறு கொண்டாந்து கையில கட்டிவிட்டா.

ரெண்டொரு நாள்ல அங்கிருந்த கவுன்சிலர் அக்கா கேட்டாங்க. "அண்ணா, ஊசி போட்டவங்களுக்கு எச்ஐவி பாக்கறோங்க. உங்க விருப்பந்தான். பாத்தறலாங்களா?"

"காப்புக் கட்டியிருக்கேனுங்க, ரத்தம் எடுக்கக்கூடாது"ன்னு சொன்னேன். காப்புக் கட்டுனா கறி திங்கமாட்டோம், சவரம் பண்ணமாட்டோம். ரத்தம் எடுக்கக்கூடாதுன்னு எங்கூர்ல யாரும் சொன்னதில்லீங்க. என் பயத்துக்கு ஆத்தாளைச் சாக்காக்கிப்புட்டேன். அந்தக்கா வற்புறுத்தலை. "எப்ப வேணாலும் கேளுங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

போதையை விட்டுட்டு ஊட்டுக்கு வந்தேன். ஊரே மெச்சுச்சு. ஆடியில என் சம்சாரம், "ஏனுங்க, நாள் தள்ளிப்போச்சுங்க"ன்னு சிரிச்சா. எனக்கு மட்டும் உசுரே இல்லை.

நேரா கோயிலுக்குப் போனேன். "ஆத்தா, என்னைய என்ன வேணா பண்ணு. அவளையும் வயித்துல இருக்கறதையும் உட்ரு"ன்னு கதறுனேன். அழுது முடிச்சதும் ஒரு தெம்பு வந்துச்சு. அது ஆத்தா குடுத்ததுதானுங்க, என்கிட்ட ஏது தெம்பு! அங்கிருந்தே பஸ் ஏறி மையத்துக்குப் போயி, நானே கையை நீட்டுனேன்.

எனக்கு இருந்துச்சு. அவளைக் கூட்டிட்டுப் போயிப் பாத்தா, அவளுக்கும் இருந்துச்சு.

எல்லாத்தையும் சொன்னேன். அவ என்னைத் திட்டக்கூட இல்லை. "நீங்க பயந்ததுக்கு ஆத்தா கயித்தையா காட்டுனீங்க?"ன்னு மட்டும் கேட்டா.

சீக்கிரமாத் தெரிஞ்சதால வயித்துல இருக்கற கொழந்தையைக் காப்பாத்தறதுக்கு வழி இருக்குதுன்னாங்க டாக்டரம்மா. அன்னையிலிருந்து ரெண்டு பேரும் ஒரு நாள் தவறாம எச்ஐவிக்குக் குடுக்கற கூட்டு மருந்து முழுங்கறோம். பொண்ணு பொறந்தா. அவளுக்கும் மருந்து ஊத்துனோம். ஒன்றரை வயசுல கடைசியாப் பாத்துட்டு, கொழந்தைக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னப்ப, ஆஸ்பத்திரின்னும் பாக்காம தரையில உழுந்து கும்புட்டேன்.

கேட்டதுல பாதிதான் குடுத்தான்னு ஆத்தாளைக் கொறை சொல்ல எனக்கு வாயில்லீங்க. நான் கேக்கப் போறதுக்கு முந்தியே, என் கையாலயே சம்சாரத்துக்கு அந்த நோயைக் குடுத்துட்டேனே. மாசியில பாத்திருந்தா அவளாச்சும் தப்பிச்சிருக்கலாம்.

உங்க ஊட்டுல ஊசி பழகினவன் இருந்தா, மையத்துல கேட்ட அன்னைக்கே பாத்துக்கச் சொல்லுங்க. ஆத்தா தொணைக்கு வருவா, நம்பிப் போங்க. கோயிலுக்குப் போறப்ப எங்களுக்கும் வேண்டிக்கங்க. மொதல்ல என் சம்சாரத்துக்கு வேண்டிக்கங்க.