மூக்குத்தி பளிச், கண் மங்கல்

புகார்

கிள்ளானில் ஸ்டூடியோ வைத்திருந்த சேகரன் அண்ணன் எங்கள் கண்ணாடி மேசை மேல் ஒரு கட்டுப் படங்களைப் பரப்பிப் போட்டுவிட்டு, "பொய்யான சாமான என் தலையில கட்டிட்டீங்க" என்றார். சனிக்கிழமை, கடை நிறைய ஆள். முதலாளி உள்ளறையில் ரிப்பேர் மேசையில் இருந்தார். கவுண்டரில் நான் ஒருத்திதான். வாங்கிக் கட்டிக்கொள்வதற்கென்றே என்னை அங்கே நிறுத்தியிருப்பார்கள் போல.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற இந்தக் கேமரா கடையில்தான் என் பாதி ஆயுள் போனது. தொண்ணூறுகளின் கடைசியில், ஐம்பதுகளில் வந்த மாதிரி ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களையும் லென்ஸ்களையும் ஜப்பான்காரர்கள் மறுபடியும் புதிதாகச் செய்து அனுப்ப ஆரம்பித்தார்கள். ஆட்டோஃபோகஸ் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது, இந்தத் தாத்தா காலத்துச் சாமானை எவன் வாங்குவான் என்று நான் சிரித்தேன். பெட்டியைப் பிரித்து லென்ஸ் வளையத்தைத் திருகிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவு வழவழப்பு.

முதல் ஆளாக வந்து ஒரு லென்ஸ் வாங்கியவர் சேகரன் அண்ணன். அவருடைய பழைய லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டது. மறு ஞாயிறு அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். வீடியோவுக்கும் கலர் படத்துக்கும் வேறு ஆள் ஏற்பாடு செய்திருந்தார். ஆனால் தாரை வார்ப்பதையும் தாலி கட்டுவதையும் பிளாக் அண்ட் ஒயிட்டில், ஃப்ளாஷ் இல்லாமல், தன் கையாலேயே எடுக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதற்குத்தான் இந்தப் புது லென்ஸ்.

படங்களில் இருந்தது கல்யாணப் பெண்தான். மகளை உட்கார வைத்து டெஸ்ட் பண்ணியிருக்கிறார்.

"நல்லாப் பாரு மல்லிகா. மூக்குத்தியில கல்ல எண்ணலாம். கண்ணு எங்க?"

நிஜமாகவே கண் மங்கல். இந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே உள்ள சின்ன ஜன்னலில் பார்த்தால் ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அந்த ஜன்னல் பொய் சொன்னால் படம் வந்த பிறகுதான் தெரியும்.

புது லென்ஸைக் கடையில் இருந்த புதுக் கேமராவில் மாட்டி, நியூஸ்பேப்பரைச் சாய்வாக ஒட்டிவைத்துப் படம் எடுத்தேன். எங்கள் மெஷினிலேயே கழுவினோம். நான் குறி வைத்த வரி கத்தி மாதிரி வந்தது. அவருடைய பழைய கேமராவில் பழைய லென்ஸைப் போட்டு எடுத்தோம். பூஞ்சைக்குக் கொஞ்சம் புகை படிந்த மாதிரி இருந்ததே தவிர, ஃபோகஸ் சரி. பழைய கேமராவில் புது லென்ஸைப் போட்டால் மட்டும் ஃபோகஸ் முன்னால் ஓடிவிடுகிறது. யார் மேல் குற்றம் சொல்வது?

இரண்டும் கோணல்

முதலாளி வெளியே வந்து பழைய கேமராவையும் பழைய லென்ஸையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் தே தாரிக் டீ குடித்து முடிக்கும்வரை சத்தமே இல்லை. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு.

"சேகரா, உன் லென்ஸும் கோணல், கேமராவும் கோணல். கோணலுக்குக் கோணல் பொருந்திப் போச்சு. புருசன் பொண்டாட்டி மாதிரி லா. நல்லவ ஒருத்திய நடுவுல கொண்டாந்து விட்டா எப்படி ஒத்துப்போகும்?"

சேகரன் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. கிள்ளானில் பாதிப் பேருக்குக் கல்யாணப் படம் எடுத்த கேமராவைக் கோணல் என்று சொல்வதா, அதன் மேல் எவன் கை வைத்தான் என்று குதித்தார். கூட வந்திருந்த அவர் மனைவி கமலா அக்கா அதுவரை ஸ்டூலில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். காப்பார் ரோட்டில் மோட்டார் சைக்கிளோடு விழுந்த பிறகு இவரேதான் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு நாள் கணக்கில் அதை நோண்டினார் என்று போட்டு உடைத்தார். லென்ஸுக்கு அடிபட்டது தெரியாமல், படம் சரியாக வரும்வரை கேமராவைத் திருகியிருக்கிறார் மனிதர்.

கேமராவைச் சரி பண்ணினால் பழைய லென்ஸ் வீண், அதற்கு அண்ணனுக்கு மனம் வரவில்லை. பண்ணாவிட்டால் புது லென்ஸ் வீண். கல்யாணத்துக்குக் கடையின் புதுக் கேமராவையே கொண்டுபோ, முடிந்ததும் திருப்பிக் கொடு என்றார் முதலாளி. பழகாத கேமராவைத் தூக்கிக்கொண்டு மகள் கல்யாணத்தில் நிற்க முடியாது என்றார் சேகரன் அண்ணன். இருவரும் மாற்றி மாற்றி அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கமலா அக்காதான் கேட்டார்: "ஏங்க, தாரை வார்க்கறப்போ மகளோட கையப் புடிச்சுக் குடுக்கணும்ல? அப்போ கேமராவ யாரு புடிப்பா?"

எந்த ஃபிலிம், எங்கிருந்து வெளிச்சம், எந்தத் தூண் பக்கம் நிற்பது என்று சேகரன் அண்ணன் எல்லாம் யோசித்து வைத்திருந்தார். பெண்ணுக்கு அப்பா மணவறையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

"கல்யாணம்னா நான் கேமராவுக்குப் பின்னாலதான் நிப்பேன். அப்படியே நெனச்சிட்டேன்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தப் புதுக் கேமராவுல தெனம் கைய வக்கிறவ நீதானே? நீ வா."

நான் இதுவரை ஒழுங்காக எடுத்தது நியூஸ்பேப்பர் மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன்.

"பேப்பரு நல்லாத்தானே வந்துச்சு. என்னையும் பேப்பருன்னு நெனச்சுக்க லா."

மணவறை

கிள்ளான் மண்டபத்தில், கடையின் புதுக் கேமராவில் அவருடைய புது லென்ஸை மாட்டிக்கொண்டு மணவறைக்கு எதிரே நின்றேன். மணவறையில் இருந்த சேகரன் அண்ணன் ஐயர் சொல்வதைக் காதில் வாங்காமல், இடது பக்கம் வா, கீழே உட்கார் என்று கண்ணாலேயே என்னை விரட்டினார். ஐயர் இரண்டு தடவை கடிந்துகொண்டார்.

பிறகு மகளின் கையை எடுத்து சேகரன் அண்ணன் கையில் வைத்தார்கள். கமலா அக்கா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். அதோடு மனிதர் என்னை மறந்தே போனார். ஜன்னலில் இரண்டாகத் தெரிந்த சேகரன் அண்ணனை ஒன்றாக்கி, மூச்சை அடக்கி அழுத்தினேன்.

பெரிதாகப் போட்டு வைத்திருந்த பிரிண்டை அந்த வாரமே சேகரன் அண்ணன் வந்து வாங்கிக்கொண்டார். படத்தில் அவர் கண் நிறைந்திருந்தது, இமை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மகள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தலைக்கு மேல எடம் ஜாஸ்தி" என்றார். தொழில்காரர், சொல்லாமல் இருப்பாரா?

பையில் வைக்கப்போனவர் மறுபடியும் அதை வெளியே எடுத்தார். "அவ பொறந்ததுலேருந்து ஆயிரக்கணக்குல எடுத்திருக்கேன் மல்லிகா. நானும் அவளும் சேந்து இருக்கற படம் இது ஒண்ணுதான்."

உள்ளறையில் முதலாளி ரேடியோவை அணைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டு விசேஷத்துக்கு என்று கேமரா கேட்டு யார் வந்தாலும், மாடலைக் காட்டுவதற்கு முன் ஒன்று கேட்பேன்: "அன்னிக்கு நீங்க எங்க நிப்பீங்க?" சிலர் யோசித்துவிட்டு வாங்காமலே போய்விடுவார்கள். வியாபாரத்தைக் கெடுக்கிறாள் என்று முதலாளி முணுமுணுப்பார். இன்று கவுண்டரில் நிற்கிற பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான்: கேட்டுவிடுங்கள். ஒரு கேமரா விற்காவிட்டால் கடை ஒன்றும் மூடிவிடாது.