தொடர் முடியும் வரை விடுப்பு

ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் பள்ளியின் ஏழாம் நம்பர் வேன் பெற்றோர் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. யாரோ தொலைக்காட்சித் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். காரின் உள்கண்ணாடியில் இரண்டு கண்கள். கீழே ஒரு கேள்வி: "இது நம்ம வேன் டிரைவர்தானே?"

இல்லை. அது சென்னையில் சம்பளம் வாங்கிக்கொண்டு முறைக்கும் ஒரு நடிகரின் கண்கள். இதைச் சொல்ல அந்தக் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பத்து மணிக்குள் முப்பது பேர் பதில் போட்டிருந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போட்டால் ஒரு நாதி எட்டிப் பார்க்காத குழு அது.

நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓட்டுநர்கள், டீசல், பஞ்சர், பாப்பா இன்னும் பல் தேய்க்கவில்லை, ரெண்டு நிமிசம் நிற்கச் சொல்லுங்கள் என்று காலை ஏழு மணிக்கு வரும் தொலைபேசிகள், எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இந்த வேலையில் இருந்துகொண்டு பெற்றோர்களைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் வைத்திருப்பது கஷ்டம். இருந்த கொஞ்சநஞ்சமும் அந்த எட்டு வாரத்தில் போய்விட்டது.

ஏழாம் நம்பர் ஓட்டுநருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஜேடர்பாளையம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார். பதினோரு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் இல்லை, ஒரு நாள் தாமதம் இல்லை. "மெதுவா எறங்கு சாமி" என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சொல்வார். நாற்பது பிள்ளை என்றால் நாற்பது தடவை சொல்வார்.

இளம் வயதில் அவர் சென்னையில் ஒரு நடிகைக்குக் கார் ஓட்டியவர். அந்த நடிகையை யாரோ கொன்றுவிட்டார்கள். வீட்டில் வேலை செய்த எல்லோரையும் போலவே அவரையும் போலீஸ் பிடித்துப்போய், ஒன்பது நாள் வைத்திருந்து விசாரித்து, சம்பந்தமில்லை என்று அனுப்பியது. நீதிமன்றத்தில் அவர் வெறும் சாட்சி. வழக்கு வருடக்கணக்காக இழுத்து, கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லாமல் முடிந்தது. எங்களிடம் வேலைக்கு வந்த அன்றே இவ்வளவையும் அவரே தாளாளரிடம் சொல்லிவிட்டார். நானும் அந்த அறையில் இருந்தேன். அந்தச் சமயத்துப் பேப்பரில் அவர் பெயர் வந்திருந்ததால் ஊரிலும் பலருக்கு அரசல்புரசலாகத் தெரியும். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இந்தக் கொலையைத்தான் எட்டுப் பகுதித் தொடராக எடுத்து, வெள்ளிக்கிழமைக்கு ஒன்றாக விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். உண்மைச் சம்பவத்தைத் தழுவியது என்பது ஒன்று. வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே என்பது மற்றொன்று. திருட்டு நகை விற்பவன்கூட இப்படி ஒரே மூச்சில் இரண்டு பேச்சுப் பேசமாட்டான். செத்துப்போன நடிகையம்மாவின் பெயரை மாற்றியிருந்தார்கள். புடவையை மாற்றவில்லை, வீட்டு வாசலின் நிறத்தை மாற்றவில்லை. அந்தக் காலத்துப் பத்திரிகைப் படத்தில் பிணத்தின் கை எப்படி மடங்கிக் கிடந்ததோ அப்படியே நடித்த பெண்ணின் கையையும் மடக்கி வைத்திருந்தார்கள். இதற்குப் பெயர் ஆராய்ச்சியாம். இது அவருக்கு நாங்கள் செலுத்தும் அஞ்சலி என்று இயக்குநர் ஒரு பேட்டியில் உருகினார். எட்டுப் பகுதியில் அந்த அம்மாவைப் பதினான்கு முறை சாகடித்தார்கள். நான் எண்ணினேன்.

ஓட்டுநர் பாத்திரத்தை நாமக்கல்காரன் என்று காட்ட வேண்டுமே. எல்லா வார்த்தைக்கும் வாலில் ஒரு 'ங்க' ஒட்டினால் கொங்குத் தமிழ் ஆகிவிடும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். தெருநாயைத் துரத்தும்போதுகூட அந்த நடிகர் "ச்சீ, போங்க" என்றார். கையில் எந்நேரமும் ஒரு துணி, காரைத் துடைத்தபடி மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வரும்போதெல்லாம் பின்னணியில் ஓர் உறுமல் சத்தம் வரும். நானும் பதினாறு வருடமாக ஓட்டுநர்களோடு மாரடிக்கிறேன். அவர்கள் வரும்போது பீடி நாற்றம்தான் வரும், உறுமல் வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமையே ஒரு கோழிப்பண்ணைக்காரர் என்னை அழைத்தார். அந்தக் குழுவுக்குத் தன்னைத்தானே தலைவராக நியமித்துக்கொண்டவர்.

"ஏனுங்க மேடம், பொம்பளப் புள்ளைங்க போற வண்டிங்க. இதையெல்லாம் பாத்துட்டு எப்படிங்க கம்முனு இருக்கறது?"

"அது நாடகமுங்க" என்றேன்.

"உண்மைக் கதைன்னு போட்டிருக்கறானுங்களே?"

"கற்பனைன்னுந்தான் போட்டிருக்காங்க."

"அது சும்மா, கோர்ட்டுக்குப் பயந்துட்டுப் போடறதுங்க."

இரண்டு வரியில் எதை நம்புவது என்பதை அவர் தீர்மானித்துவிட்டார். இனி பேசிப் பயனில்லை என்று தெரிந்துபோயிற்று.

அடுத்த வாரம் கண்ணாடிப் புகார் வந்தது. தொடரில் அந்த ஓட்டுநர் உள்கண்ணாடி வழியாக நடிகையைப் பார்த்துக்கொண்டே காரை ஓட்டுவார். எங்கள் ஓட்டுநரும் உள்கண்ணாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார் என்று மூன்று தாய்மார்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கண்ணாடியை மேலே திருப்பி வைக்க வேண்டுமாம். பள்ளி வேனில் கண்ணாடி வைப்பதே பிள்ளைகளைப் பார்ப்பதற்குத்தான், அது இல்லாமல் வண்டிக்கு எப்.சி. கிடைக்காது என்று விளக்கினேன். அதில் ஒரு தாய் எம்.எஸ்சி. படித்தவர். "அது சரிங்க, ஆனா அவரு பாக்கறாரே" என்றார்.

ஓட்டுநரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாதவர் போலக் கேட்டார்.

"புள்ளைங்க எந்திரிச்சு நிக்குதா, கைய வெளிய நீட்டுதான்னு நான் பின்ன எதுலீங்க அம்மிணி பாக்கறது?"

புகார் தாளாளரிடம் போயிற்று. இவராவது ஒரு அதட்டு அதட்டி எல்லோரையும் அனுப்பிவிடுவார் என்று நம்பினேன். அவர் காகிதத்தைப் படித்துவிட்டு, "அந்தத் தொடர் எப்போ முடியுது?" என்று கேட்டார்.

"இன்னும் ஆறு வாரமுங்க சார்."

"முடியற வரைக்கும் அவர ஷெட்டுல போடுங்க. கடைசியில என்ன காட்டறாங்கன்னு பாத்துட்டு ஒரு முடிவு எடுத்துக்கலாம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர், சுவரில் தன் பட்டங்களை வரிசையாக மாட்டி வைத்திருப்பவர். போலீஸ் விட்டது, நீதிமன்றம் விட்டது, பதினோரு வருடம் கண்ணெதிரில் பார்த்தாயிற்று. அதெல்லாம் போதவில்லை, எங்கோ ஏ.சி. அறையில் உட்கார்ந்து கதை எழுதுகிறவன் என்ன சொல்கிறான் என்று பார்க்க வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தது நான்தான். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"எத்தன நாளைக்குங்க அம்மிணி?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"அந்தத் தொடர் முடியற வரைக்குமுங்ண்ணா. ஆறு வாரம்."

"போலீசுல என்னைய ஒம்போது நாள்ல உட்டுட்டாங்க" என்றார்.

ஆறு வாரம் ஷெட்டில் வண்டி கழுவினார். அவர் அந்தத் தொடரைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கு வரும்போது என் மேசையருகே நின்று கேட்பார்.

"இந்த வாரம் நான் என்னுங்க பண்ணியிருக்கறேன்?"

"நகையெடுத்துட்டீங்ண்ணா."

"அப்படீங்களா" என்று சொல்லிவிட்டு ஹோஸ் பைப்பை எடுத்துக்கொண்டு போவார்.

அடுத்த வாரம் அவர் யாருக்கோ கதவைத் திறந்துவிட்டார். அதற்கடுத்த வாரம் படியில் உட்கார்ந்து தனியாக அழுதார். குழுவில் உடனே காற்று திசை மாறியது. பாவம் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் போட்டார். பசங்கள் மட்டும் போகும் வண்டிக்கு விட்டுப் பார்க்கலாம் என்று இன்னொருவர் தாராளம் காட்டினார். மறுவாரம் அவர் பொய்ச்சாட்சி சொல்ல, அந்தத் தாராளத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நடுவே தற்காலிகமாகப் போட்ட ஓட்டுநர் ஒரு கையில் கைப்பேசி வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார், இரண்டு தடவை ஒரு பிள்ளையை ஏற்றாமலே வந்துவிட்டார். அதற்கு ஒரு புகாரும் வரவில்லை. அவரைப் பற்றித் தொடர் எதுவும் எடுக்கவில்லையே.

நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் பார்த்தேன். குழுவில் என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமல்லவா, அலுவலக வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். ஐந்தாம் பகுதிக்கு மேல் காய் நறுக்கவில்லை.

எட்டாம் பகுதியில் கொலை செய்தவர் அந்த நடிகையின் மேனேஜர் என்று முடித்தார்கள். அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கக் கூடாது, அது கற்பனை. பொய்யென்று சொல்லவும் கூடாது, அது உண்மைச் சம்பவம். கடைசிக் காட்சியில் ஓட்டுநர் பாத்திரம் சமாதியில் ஒரு சொம்புப் பாலை ஊற்றிவிட்டு மழையில் நடந்து போயிற்று. உறுமலுக்குப் பதில் புல்லாங்குழல்.

மறுநாள் காலை கோழிப்பண்ணைக்காரர் ஒரு அட்டை முட்டையோடு பள்ளிக்கே வந்துவிட்டார்.

"தங்கமான மனுசனுங்க மேடம். அந்தக் கடைசி சீன்ல என்ற ஊட்டுல எல்லாரும் ஒட்டுக்கா அழுதுட்டோமுங்க. திங்கக்கெழமையே வண்டிக்கு வரச்சொல்லிப் போடுங்க."

முட்டையை வாங்கி வைத்தேன். அந்த ஆளின் முகத்தில் கொஞ்சமும் வெட்கம் இல்லை. மன்னித்துவிட்ட பெருமைதான் இருந்தது.

திங்கட்கிழமை ஏழாம் நம்பர் வேன் இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தது. பிரார்த்தனை முடிந்து வகுப்பே தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெற்றோர்கள் குளித்து முழுகித் தயாராக நின்றிருக்கிறார்கள், பிள்ளைகளை ஏற்றிவிட அல்ல, ஓட்டுநரோடு படம் எடுத்துக்கொள்ள. நேரில் அந்த நடிகை அத்தனை சிவப்பா? மேனேஜர்தான் என்று உங்களுக்கு அப்போதே தெரியுமா? நெசமாவே பால் ஊற்றினீர்களா? இறங்கிய பிள்ளைகள் என்னிடம் ஒப்பித்தன. கண்ணாடியைத் திருப்பச் சொன்ன எம்.எஸ்சி. அம்மாள் வண்டிக்குள்ளேயே ஏறி வந்து படம் எடுத்தாராம். செவ்வாய்க்கிழமையும் இதே கதை. புதன்கிழமை தாளாளர், தாமதத்தைப் பற்றி அவரிடம் பேசச் சொன்னார்.

பள்ளி விட்டு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அவரைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தேன். தப்பு உங்களுடையது இல்லைங்ண்ணா, இனி யாரும் வண்டியை நிறுத்திப் பேசக் கூடாது என்று நானே குழுவில் போடுகிறேன் என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். வார்த்தைகளைக்கூட மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. எட்டு வாரமாக உள்ளே கிடந்து அரித்தது வாய்க்கு வந்துவிட்டது.

"ஏனுங்ண்ணா, நெசமாலுமே அந்த மேனேஜருதானுங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோழிப்பண்ணைக்காரரையோ கண்ணாடிக்காரத் தாய்மார்களையோ அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"அந்தம்மாவ ஆஸ்பத்திரியில அடையாளஞ் சொன்னது நானுங்க அம்மிணி" என்றார். "அவங்க சொந்தக்காரங்க வந்து சேர மறுநாளாயிருச்சு. அதுவரைக்கும் வெளிய பெஞ்சுல நான் ஒருத்தந்தான் இருந்தனுங்க. இத்தன வருசத்துல அவங்க எப்படிப்பட்டவங்கன்னு ஒருத்தர் கேட்டதில்லீங்க. அழகா இருப்பாங்களான்னு கேப்பாங்க. கொன்னது ஆருன்னு கேப்பாங்க. நீங்க இந்தப் பதினோரு வருசமும் ஒண்ணுமே கேக்காம இருந்தீங்க. அந்த ஒண்ணுக்காகத்தானுங்க ஷெட்டுல வண்டி கழுவச் சொன்னப்பவும் போகாம கெடந்தேன்."

வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தார். "வாரேனுங்க அம்மிணி" என்றார். அடுத்த நாள் அவர் வரவில்லை. இப்போது பரமத்தி வேலூரில் வாழைத்தார் ஏற்றும் வண்டி ஓட்டுகிறார் என்று கேள்வி. சொந்தக் காரணங்களுக்காக விலகிக்கொண்டார் என்று நான் குழுவில் போட்டேன். அழுகிற பொம்மைகளாக இருபது முப்பது வந்தன. இரண்டாவது சீசன் வருகிறதாமே என்று அதற்குக் கீழேயே ஒருவர் கேட்டிருந்தார்.

அந்த ஜனங்களைத் திட்டித் திட்டி எனக்கு வாய் ஓய்ந்துவிட்டது. அவர்கள் கூட்டமாகச் செய்ததைத்தான் நான் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். சாவியை வைத்துவிட்டு அவர் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வராந்தாவைக் கடந்து போக நேரம் பிடித்தது. கூப்பிட்டிருந்தால் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த அம்மா எப்படிப்பட்டவர் என்று அப்போதும் நான் கேட்கவில்லை.