பூசையில் சாய்ந்த புத்தகங்கள்

தொழிற்சாலையில் மலிவாகத் தள்ளிவிட்ட மடிக்கணினி ஒன்றை என் கணவர் வாங்கி வந்தார். அப்போது தொழிற்சாலைகள் நிறைந்த பாயான் பாருவில் குடியிருந்தோம். "மூடியில கீறல் மட்டும்தான்லா, உள்ள ஒண்ணும் இல்ல," என்றார். கீறல்மேல் நானும் பூ ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தேன்.

சரஸ்வதி பூசையன்று அதைச் சாமி முன்னால் வைத்து, மேலே பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கினேன். மறுநாள் காலை விளக்கேற்றியபோது அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாம்பிராணியை மீறி நகப்பூச்சு வாடை அடித்தது.

"பூசையில வெச்சத இப்ப தொடாத. சாயந்திரம் எடுத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

நானும் சமையலுக்குப் போனேன். வாடை அங்கேயும் வந்தது. மனசு கேட்கவில்லை. புத்தகங்களை இறக்கிக் கணினியைப் புரட்டினேன். அடியில் பேட்டரி இட்லிபோல் உப்பிக் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாகச் சாமி விளக்கை வாயால் ஊதி அணைத்தேன். பிறகு கணினியைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோய்ச் சிமெண்ட் தரையில் வைத்தேன்.

அதைப் பார்க்க வந்த கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர், "செய்யும்போதே பேட்டரியில இருந்த கோளாறு, அக்கா. சாயந்திரம் வரைக்கும் தாங்கியிருக்காது," என்றார்.

இப்போது வேறு கணினி. பூசையன்று அதற்குப் பொட்டு வைப்பது மூடியில் அல்ல, அடிப்பக்கத்தில். வைக்கும் சாக்கில் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிடுகிறேன்.