பழுப்புக் குள்ளனும் அக்காவின் செவ்வாயும்

எங்கள் ஊர் பாச்சாங்கில் நான் பிசிக்ஸ் டியூஷன் எடுக்கிறேன். கோள்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் ஜாதகமும் பார்ப்பாள் என்று எங்கள் ஆட்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பசாருக்குக் கீரை வாங்கப் போனால்கூட, ஏழரைச் சனி எப்போது விலகும் என்று யாராவது வழிமறித்துக் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றும் இதே கூத்துதான். அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது, புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். செவ்வாய் தோஷம் என்று நான்கு வரன்கள் தட்டிப்போயின. அவளுக்கு முன்னால் நான் கல்யாணம் செய்துகொண்டது எனக்கு இன்னும் உறுத்தல்தான். இந்த மாப்பிள்ளை அதே தொழிற்சாலையில் லாரி ஓட்டுகிறவர். இருவருக்கும் பிடித்துப்போயிற்று, அவருடைய அம்மா சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

மாப்பிள்ளையின் அம்மா, அந்த அத்தை, வந்து உட்கார்ந்ததும் அக்காவின் ஜாதகத்தை எடுத்து என் மடியில் வைத்தார். கிரகம் படித்த பெண், நீயே பார்த்துச் சொல்லிவிடு என்றார். செவ்வாய் தோஷமே இல்லை என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. எனக்கு ஜாதகம் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். பதற்றத்தில், காலையில் போனில் படித்த பழுப்புக் குள்ளனைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். நட்சத்திரம் மாதிரி எரிய எடை போதாத சின்ன உருண்டை அது; ஆனாலும் தூசும் வாயுவும் அதைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன, அந்தத் தூசு ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டி நாளைக்குக் கோள்கள் உண்டாகலாம் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அத்தை மட்டும் கவனமாகக் கேட்டார். "அதுக்குச் செவ்வாய் இருக்கா?"

"இனிமேதான் எல்லாம் உருவாகணும், அத்தை."

பெண் பார்க்க வந்தால் வாயே திறக்காத அக்கா அப்போது நிமிர்ந்தாள். "அதுக்கு இனிமே அமையும்னு பொறுமையா காத்திருக்காங்க. எனக்கு மட்டும் பொறந்த அன்னிக்கே முடிவு கட்டிட்டாங்க."

அத்தை என் மடியிலிருந்து ஜாதகத்தை எடுத்து மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"ஷிப்ட் முடிஞ்சு வந்து நீ சமைக்கவெல்லாம் வேணாம். என் மவன் நல்லாவே சமைப்பான் லா."

அக்கா அப்போதுதான் அழுதாள்.